அறுவை மருத்துவர் கையும் இயந்திரக் கையும்

கருவிக்கு ஏற்பக் கை வளைந்தால் வேலை கெடும். கைக்கு ஏற்பக் கருவி அமைந்தால் வேலை சிறக்கும். உளி பிடிக்கும் தச்சரும் ஊசி பிடிக்கும் தையற்காரரும் நன்கறிந்த உண்மை இது. மனித உடலை அறுத்துத் தைக்கும் மருத்துவருக்கோ இஃது இருமடங்கு பொருந்தும். பிறர் உயிர் அவர் விரல் நுனியிலன்றோ நிற்கிறது! தொலைவிலிருந்து இயக்கப்படும் அறுவை இயந்திரத்தின் வரலாறு, இவ்வுண்மையை அறிவியலார் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம்.

அணுக்கூடத்தில் தோன்றிய கை

இவ்வியந்திரத்தின் வித்து மருத்துவமனையில் ஊன்றப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளவேண்டிய தேவை எழுந்தது. அவற்றை நெருங்குதல் உயிருக்குக் கேடு. ஆகவே, தடித்த சுவருக்கு இப்பால் நின்று மனிதர் கையை அசைக்க, அப்பாலுள்ள இயந்திரக் கையும் அவ்வண்ணமே அசையும் அமைப்பை ரேமண்ட் கோர்ட்ஸ் என்னும் பொறியியலறிஞர் 1940களின் இறுதியில் உருவாக்கினார். 1954இல் அது மின்னாற்றலால் இயங்கலாயிற்று. அப்பாலுள்ள பொருளின் எதிர்ப்பை இப்பாலுள்ள கையும் உணர்ந்தது என்பதே அதன் தனிச்சிறப்பு.

மருத்துவர் பட்ட இடர்

1980களில் அறுவை மருத்துவத்தில் ஒரு மாறுதல் நேர்ந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதற்கு மாறாக, சிறு துளைகள் வழியே குழாய்க் கண்ணாடியையும் நீண்ட கருவிகளையும் செலுத்திப் பித்தப்பையை அகற்றும் முறை ஐரோப்பாவில் தோன்றிப் பரவியது. நோயாளிக்கு நலம் விளைந்தது. புண் சிறிது, வலி குறைவு. மருத்துவருக்கோ இடர் மிகுந்தது. துளையே நெம்புகோலின் தாங்குபுள்ளியாக அமைந்தமையால், கையை வலப்புறம் அசைத்தால் கருவியின் முனை இடப்புறம் சென்றது. தட்டையான திரையில் ஆழம் புலப்படவில்லை. கருவி முனைக்கு மணிக்கட்டு இல்லை. நோக்குக் கண்ணாடியைப் பிடிப்பவரும் வேறொருவர்.

தேவை அறிந்து செய்த அமைப்பு

கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிலிப் கிரீன் முதலில் நுண்ணிய அறுவைக்கெனத் தொலையியக்கக் கருவியை அமைக்க முயன்றார். பின்னர் வயிற்று அறுவையின்பால் கருத்தைத் திருப்பினார். அவரது அமைப்பில் உருவம் கண்ணாடியில் எதிரொளித்து, மருத்துவரின் கைகள் இருக்கும் இடத்திலேயே தோன்றியது. கண்ணும் கையும் மீண்டும் ஒன்றுபட்டன. போர்க்களத்தில் காயமுற்ற வீரரைத் தொலைவிலிருந்தே காக்கலாம் என்னும் நோக்கத்தோடு இராணுவ மருத்துவர் ரிச்சர்ட் சடாவா இம்முயற்சிக்கு ஊக்கமளித்தார்.

இதே காலத்தில் வேறொரு நிறுவனம், நோக்குக் கண்ணாடியை ஏந்தும் ‘ஈசாப்’ என்னும் இயந்திரக் கையை ஆக்கியது. அதற்கு 1994இல் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது. மருத்துவரின் இரு கைகளும் வேலையில் ஈடுபட்டிருக்கும் என்பதனால், பின்னர் அது குரலுக்குக் கீழ்ப்படியுமாறு செய்யப்பட்டது.

1995இல் தொடங்கப்பெற்ற இன்டியூட்டிவ் நிறுவனம் எஸ்.ஆர்.ஐ. ஆய்வைத் தழுவி ‘டாவின்சி’ இயந்திரத்தைப் படைத்தது. 2000இல் அது அமெரிக்க அரசின் இசைவு பெற்றது. ஆழம் காட்டும் பார்வை, மணிக்கட்டுப் போல் வளையும் முனை, கை நடுக்கத்தை நீக்கும் அமைப்பு, பெரிய அசைவைச் சிறிதாக்கும் வசதி ஆகியன அதில் அமைந்தன. மருத்துவர் தலையை எடுத்தால் கருவிகள் நின்றுவிடும். இவை யாவும் முன்னர்க் கூறிய இடர்களுக்கு ஒவ்வொன்றாகக் கண்ட விடைகளே.

கடல் கடந்த அறுவை

2001 செப்டம்பர் 7ஆம் நாள், நியூயார்க்கில் அமர்ந்திருந்த ஜாக் மரெஸ்கோ, பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த 68 வயது மாதின் பித்தப்பையைச் ‘சியூஸ்’ இயந்திரத்தால் அகற்றினார். கை அசைவுக்கும் காட்சிக்கும் இடையே தாமதம் ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு. தாமதம் மிகுமானால், மருத்துவர் காண்பது கடந்துபோன நிலையாகிவிடும். கத்தியோ நிகழ்காலத்தில் வெட்டும். 2003இல் கனடாவின் ஹாமில்டனிலிருந்து மெஹ்ரான் அன்வாரி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கேயுள்ள நார்த் பே ஊர் நோயாளிகளுக்கு இவ்வகை அறுவை செய்யலானார். நோயாளியின் அருகே உள்ளூர் மருத்துவர் இருந்தார்.

ஆயினும், இத்தகைய இயந்திரங்கள் பெரும்பாலும் நோயாளி கிடக்கும் அதே அறையிலிருந்தே இயக்கப்படுகின்றன. தொடர்பு அறுந்தாலோ குருதி பீறிட்டாலோ உடனே உதவ ஆள் வேண்டும். தொலைவை வெல்லப் பிறந்த கருவி, மருத்துவரின் கைக்குத் துணையாகவே நிலைபெற்றது.

தொடு உணர்வு

ஒரு குறை மட்டும் நெடுநாள் நீடித்தது. டாவின்சியில் தொடு உணர்வு இல்லை. தசை வெளிறுவதையும் நூல் இறுகுவதையும் கண்ணால் கண்டே மருத்துவர் விசையை மதிப்பிட்டார். உடலுக்குள் செல்லும் உணர்கருவி மிகச் சிறியதாகவும், நோய்க்கிருமி நீக்கும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும், அஃது எளிதன்று. 2024இல் இசைவு பெற்ற ‘டாவின்சி 5’ இயந்திரத்திலேயே விசையை உணர்த்தும் கருவிகள் இடம்பெற்றன. அணுக்கூடத்தில் கோர்ட்ஸ் தம் இயந்திரக் கைக்கு அளித்த உணர்வு, டாவின்சி இயந்திரத்தை அடைய ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

ஆற்றல் மிக்க கருவியை ஆக்குதல் ஒருவகை அறிவு. அதனை ஏந்தப்போகும் கையின் குறையையும் நிறையையும் முன்னரே கேட்டறிதல் அதனினும் உயர்ந்த அறிவு. பின்னது வாய்த்தபோதெல்லாம் இவ்வியந்திரம் முன்னேறியது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.