கிடங்கு பெருத்த கதை

ஈஜிபுராவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்குக் கணினிக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை அறுபதை ஒட்டித்தான் வந்தது. 2020 ஊரடங்கில், வந்தவாசியில் படுக்கையில் இருந்த அக்காவோடு வீடியோவில் பேசுவேன். பேரன் பக்கத்து அறையில் பாடக் கோப்புகளை அனுப்ப ஆரம்பித்தால் போதும், "சாப்டியாக்கா?" என்று நான் கேட்டது நாலு விநாடி கழித்துத்தான் அவளுக்குப் போகும். அதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போயிருப்பாள். இணைப்புக் கொடுத்தவரைத் திட்டாத நாளில்லை. குற்றம் கிடங்கில் என்று பிறகுதான் தெரிந்தது.

கணினி எதையும் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் அனுப்பும். நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பாக்கெட்டுகள் முறைக்குக் காத்திருக்கும் கிடங்கு பஃபர். கிடங்கு பெரிசா இருந்தா நல்லதுதானே? வியாபாரி புத்தி அப்படித்தான் சொல்லும். ஜான் நேகிள் 1985-லேயே இதை மறுத்து எழுதினார். கிடங்குக்கு எல்லையே இல்லாவிட்டாலும், நெரிசலில் பாக்கெட்டுகள் காத்திருந்தே ஆயுள் முடிந்து வீணாகும் என்றார். பாலை மூட்டை கட்டி அடுக்கின மாதிரி! நினைவகம் மலிவானதும் அதை அநேகர் மறந்தார்கள்.

2010-இல் அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டிலேயே இந்தத் தாமதத்தைக் கண்டார். துருவிப் பார்த்தால் மோடம், ரௌட்டர், டிரைவர் எல்லாவற்றிலும் மிதமிஞ்சிய பஃபர். கணக்குப் போடுங்கள்: 1,500 பைட் பாக்கெட் 256 நின்றால் 3,84,000 பைட். விநாடிக்கு 10 லட்சம் பிட் போகும் கம்பியில் அது தீர மூன்று விநாடிக்கு மேல். 2017-இல் மேம்பால வேலை தொடங்கியபின் நம் ஈஜிபுரா சிக்னலில் நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

2012-இல் லினக்ஸ் 3.3-இல் ஒரு வழி பிறந்தது. கார்டிடம் கொடுத்தது இத்தனை பைட், அது அனுப்பி முடித்தது இத்தனை பைட் என்று டிரைவர் சொல்ல வேண்டும். நம் பேரேட்டுப் பற்று வரவேதான். முடித்ததைச் சொல்ல மறந்தால் வரிசை நின்றுவிடும். கொடுத்ததைவிட அதிகம் முடித்ததாகச் சொன்னால் கெர்னலே படுத்துவிடும். கார்டை மறுபடி தொடங்கும்போது பழைய கணக்கைத் துடைக்காவிட்டாலும் வம்புதான்.

இதில் கர்நாடகத்துக்கும் பங்குண்டு. சூரத்கல் என்.ஐ.டி.கே.யின் மோகித் தஹிலியானியும் மாணவர்களும் எழுதிய எஃப்.க்யூ-பை முறை, 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இல் சேர்ந்தது. ஒவ்வொரு போக்குவரத்தையும் பிரித்துத் தனித்தனி வரிசையில் நிறுத்தும். காத்திருப்பு கூடினால் சில பாக்கெட்டை முன்கூட்டியே தள்ளிவிடும், அனுப்புகிறவர் தானே வேகத்தைக் குறைப்பார். பேரனின் கோப்புக்குப் பின்னால் என் குரல் நிற்க வேண்டாம்.

தெரு முனைத் தம்பி ஒருவர் எங்கள் ரௌட்டரில் இதே வகையிலான ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அக்கா அதன்பின் ஐந்து மாதம் இருந்தாள். நான் கேட்டு வாய் மூடுமுன், "சாப்டேன்டா" என்பாள்.