பேச்சே செயலாகும்போது: அமெரிக்கக் குற்றப் புனைவில் உரையாடலின் வளர்ச்சி (1930–1992)

அகதா கிறிஸ்டியின் முதல் நாவலும் அமெரிக்காவின் 'பிளாக் மாஸ்க்' இதழும் 1920 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தவை. கிறிஸ்டியின் மரபில் பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் தடயம் தருவதற்காக: எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள், யாரைக் கண்டார்கள். கொலையாளி பிடிபட்டதும் அந்தப் பேச்சுக்கு வேலை முடிந்துவிடும். மலிவுத் தாளில் அச்சான பிளாக் மாஸ்க்கிலிருந்து கிளைத்த நாவல்களையோ, முடிவு தெரிந்த பிறகும் எடுத்துப் படிக்கிறோம். வசனத்தின் கூர்மையே அதற்குக் காரணம் என்பார்கள். அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது? கதைசொல்லி படிப்படியாகப் பின்வாங்கியதே அதற்கு வழிவிட்டது என்பது என் கருத்து.

முதல் அடியை எடுத்துவைத்தவர் டாஷியல் ஹாம்மெட். 1915 முதல் சில ஆண்டுகள், இடையிடையே விட்டுவிட்டு, பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆளைப் பின்தொடர்வதும் பேச்சுக்கொடுத்து விஷயத்தைக் கறப்பதும் அவருக்குப் பிழைப்பாக இருந்தன. 'மால்டீஸ் ஃபால்கன்' (1930) நாவலில் யாருடைய மனத்துக்குள்ளும் கதைசொல்லி நுழைவதில்லை. துப்பறிவாளன் சாம் ஸ்பேடின் தொழில் கூட்டாளி ஆர்ச்சர் சுடப்பட்ட செய்தி இரவில் தொலைபேசியில் வருகிறது. ஸ்பேட் துக்கப்பட்டானா, நிம்மதியடைந்தானா? ஹாம்மெட் சொல்வதில்லை. புகையிலையைத் தாளில் பரப்பிச் சிகரெட் சுருட்டும் விரல்களை மட்டும் நிதானமாக வர்ணிக்கிறார். ஆர்ச்சரின் மனைவிக்கும் ஸ்பேடுக்கும் இருந்த உறவு தெரியவரும்போது, அந்த மௌனத்துக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. ஸ்பேடின் வாடிக்கையாளரான பிரிஜிட் ஓஷானெஸ்ஸி அடுத்தடுத்துச் சொல்லும் கதைகளில் எது மெய் என்பதையும் அவள் பேச்சை வைத்தே நாம் எடைபோட வேண்டியிருக்கிறது. வாசகரை நம்பி இப்படி ஒரு பொறுப்பை ஒப்படைத்ததுதான் ஹாம்மெட்டின் பெரிய சாதனை.

ரேமண்ட் சாண்ட்லர் இந்தச் சாதனையை நன்றாக உணர்ந்தவர். ஹாம்மெட்டின் மனிதர்கள் மெய்யான காரணங்களுக்காகக் கொலை செய்கிறார்கள் என்று 1944-இல் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் எழுதினார். ஆனால் 'தி பிக் ஸ்லீப்' (1939) முதலான அவருடைய நாவல்களில் துப்பறிவாளன் ஃபிலிப் மார்லோதான் கதை சொல்கிறான். அவனுடைய உவமைகளும் குத்தல்களும் மறக்க முடியாதவை என்றாலும், மற்றவர்களின் குரல் அவன் வழியாகவே நம்மை எட்டுகிறது. இக்கட்டுரை பின்தொடரும் கோட்டுக்கு அவர் சற்று விலகியே நிற்கிறார்.

அந்தக் கோடு அதன் எல்லைவரை சென்றது ஜார்ஜ் வி. ஹிக்கின்ஸின் 'தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி காய்ல்' (1972) நாவலில். ஹிக்கின்ஸ் முதலில் செய்தியாளர். பிறகு மாசசூசெட்ஸில் திட்டமிட்ட குற்றக் கும்பல்கள் மீதான வழக்குகளை நடத்திய அரசு வழக்கறிஞர். குற்றவாளிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தொழில்வழி வந்த அறிவு. நாவலின் பெரும்பகுதி வெறும் உரையாடல். தொடக்கத்திலேயே, கள்ளத் துப்பாக்கி விற்கும் இளைஞனிடம் எடி தன் கையைக் காட்டிப் பேசுகிறான். அவன் வாங்கிக்கொடுத்த துப்பாக்கிகளால் ஒருவன் சிறைக்குப் போனான். அதற்காக எடியின் கையை இழுப்பறைக்குள் வைத்து, அதை எட்டி உதைத்து மூடி, விரல்களை முறித்தார்கள். இதை அவன் புலம்பலாகச் சொல்லவில்லை. பேரம் பேசும்போது, சரக்கு ஏன் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விளக்கும் வகையில் சொல்கிறான். ஒரு மனிதனின் வலி, பயம், தொழில் அனுபவம், எதிரில் இருப்பவனை மிரட்டும் நோக்கம் நான்கும் ஒரே பேச்சில் வந்துவிடுகின்றன. கதைசொல்லி குறுக்கிட்டிருந்தால் இவற்றில் ஒன்றையாவது பெயர் சொல்லிக் கெடுத்திருப்பான்.

நியூ ஹாம்ஷயரில் தண்டனை காத்திருக்கும் நிலையில், தப்பிக்க வேண்டி எடி காவல்துறைக்குத் துப்புக் கொடுக்கிறான். மதுக்கடை நடத்தும் டில்லனும் அதே வேலையைச் செய்பவன்தான் என்பது வாசகருக்குத் தெரியும், எடிக்குத் தெரியாது. ஆகவே டில்லன் நட்போடு பேசும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு அச்சமூட்டுகிறது. கடைசியில் எடியைக் கொல்பவனும் அவனே.

டெட்ராய்ட்டில் வாழ்ந்த எல்மோர் லெனர்ட், ஒரு விளம்பர நிறுவனத்தில் செவ்ரோலெட் கார்களுக்கு வாசகம் எழுதிக்கொண்டே, விடியற்காலையில் எழுந்து கௌபாய் கதைகள் எழுதியவர். 1972-இல் அவருடைய முகவர் எச். என். ஸ்வான்சன் ஹிக்கின்ஸின் நாவலைப் படிக்கச் சொன்னார். அது தனக்கு விடுதலையாக அமைந்தது என்று லெனர்ட் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1978-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக டெட்ராய்ட் காவல்துறையின் கொலை வழக்குப் பிரிவில் உட்கார்ந்து கவனித்தார். அந்த அனுபவம் 'சிட்டி ப்ரைமீவல்' (1980) நாவலுக்கு உரமானது.

ஹாம்மெட் மூடிவைத்த மனக்கதவை லெனர்ட் திறந்தார், ஆசிரியராக உள்ளே நுழையாமலே. ஒரு காட்சி யாருடைய கண்வழி நிகழ்கிறதோ, அந்த ஆளின் பேச்சுமொழியிலேயே விவரணையும் அமைகிறது. 'சிட்டி ப்ரைமீவல்' நாவலின் கொலைகாரன் க்ளெமென்ட் மான்ஸெலின் காட்சியில் வாக்கியங்களுக்கும் அவனுடைய மெத்தனம் ஒட்டிக்கொள்கிறது. துப்பறியும் அதிகாரி ரேமண்ட் க்ரூஸ் வந்ததும் நடை இறுகுகிறது. மேற்கோள் குறிகளுக்கு வெளியிலும் பாத்திரங்கள்தான் பேசுகிறார்கள். உரையாடலைச் சுட்ட "சொன்னான்" என்பதைத் தவிர வேறு வினை கூடாது என்று 2001-இல் லெனர்ட் வகுத்த விதியை வெறும் நடைச் சிக்கனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது இந்த எழுபதாண்டு வரலாற்றின் விளைவாகப் படுகிறது.

இந்த மாற்றத்தால் அதிகம் பயனடைந்தவர்கள் பெண் பாத்திரங்கள். பிரிஜிட் கடைசிவரை வெளியிலிருந்து பார்க்கப்படுபவள். லெனர்டின் 'ரம் பஞ்ச்' (1992) நாவலின் ஜாக்கி பர்க், நாற்பதைத் தாண்டிய விமானப் பணிப்பெண். ஆயுத வியாபாரி ஆர்டெலின் பணத்தைக் கடத்தியபோது பிடிபடுகிறாள். ஒரு பக்கம் காவல்துறை, மறுபக்கம் காட்டிக்கொடுத்தால் கொன்றுவிடக்கூடிய ஆர்டெல். எடி காய்ல் சிக்கிய அதே பொறி. எடி எல்லாரிடமும் பேசினான், யாரையும் சரியாகக் கேட்கவில்லை. ஜாக்கி இரு தரப்பும் பேசுவதைக் கவனித்துக் கேட்கிறாள், ஒவ்வொருவருக்கும் அவர்கள் நம்ப விரும்புவதைச் சொல்கிறாள், பணத்தோடு உயிரையும் காப்பாற்றிக்கொள்கிறாள்.