மூன்று சக்கர வண்டியும் மேற்குச் சென்னைப் பட்டறைகளும்

சென்னையின் மேற்கே பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழியாக மாங்காடு வரை நீளும் நிலப்பகுதியின் தொழில் வரலாறு, பெரும்பாலும் பெரிய ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த ஆலை திறக்கப்பட்டது, எந்த வெளிநாட்டு நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது என்ற செய்திகள் எளிதில் கிடைக்கின்றன. அந்த ஆலைகளின் சுற்றுச்சுவருக்கு வெளியே, ஒரு லேத்தும் ஒரு வெல்டிங் இயந்திரமும் மட்டுமே முதலாகக் கொண்ட பட்டறைகளில் தனி ஒருவரின் தேவைக்கென ஒற்றை வண்டியாகச் செய்து தரப்பட்டவை அதிகம் பேசப்படுவதில்லை. அப்படிச் செய்யப்பட்ட வண்டிகளில் மூன்று சக்கரம் கொண்டவை தனி மரபாகவே எண்ணத்தக்கவை. பார சைக்கிள், மீன்பாடி வண்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் என வந்த அந்த வரிசையில் மிக அண்மையில் சேரக்கூடியது, வீட்டிலேயே கட்டப்படும் மூன்று சக்கர மின் மவுண்டன்போர்டு. பார்வைக்கு அது மேலை நாட்டு விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், அதைக் கட்டுபவர் சந்திக்கும் சிக்கல்கள் எல்லாம் இந்தப் பகுதிக்குப் பழக்கமானவையே.

மவுண்டன்போர்டு என்பது, பனி இல்லாத புல்வெளிச் சரிவுகளிலும் மண் பாதைகளிலும் நின்றபடியே இறங்குவதற்காகச் செய்யப்பட்ட, காற்றடைத்த டயர்கள் பூண்ட பலகை. 1992ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் ஒருவரையொருவர் அறியாமல் சிலர் இதனை உருவாக்கினர். அவர்களுள் ஆஸ்திரேலியரான ஜான் மில்ன் தம் ஓய்வு நேரத்தில் செய்த பலகை மூன்று சக்கரத் திருப்பு முறையைக் கொண்டிருந்தது. பின்னாளில் நான்கு சக்கரப் பலகையே சந்தையில் நிலைத்துவிட்டதால், மில்னின் வழி கிளைப்பாதையாக நின்றுபோனது. ஆனால் தன் கையால் வண்டி கட்ட முனைவோர் மூன்று சக்கரத்திடம் போய்ச் சேர்வது அவரோடு தொடங்கியதும் அன்று, அவரோடு முடிந்ததும் அன்று. 1881ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகரத் தெருவில் குஸ்தாவ் ட்ரூவே ஓட்டிக்காட்டிய மின் வண்டி, ஆங்கிலேயர் செய்த மிதி மூன்று சக்கர வண்டியொன்றில் சிறு மோட்டாரும் மின்கலங்களும் பொருத்தப்பட்ட ஒட்டுவேலைதான். ட்ரூவே கருவிகள் செய்யும் கைவினைஞர், ஆலை முதலாளி அல்லர். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கும் மூன்றே சக்கரம்.

பென்ஸ் மூன்று சக்கரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிமையானது. இரண்டு முன் சக்கரங்கள் ஒரே நேரத்தில் திரும்பும்போது உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்புவதற்கான இணைப்புக் கம்பிகள் தேவைப்படுகின்றன; அன்றிருந்த ஏற்பாடுகளில் அவருக்கு நிறைவில்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்துவிட்டால் அந்தச் சிக்கலே எழாது. அதோடு, மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பதுபோல மூன்று சக்கரங்களும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் விலையுயர்ந்த சஸ்பென்ஷன் இல்லாமலேயே ஓரளவு சமாளிக்கலாம். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, சாயும் ஆபத்து. மூன்று சக்கரங்களையும் இணைத்துக் கோடிட்டால் கிடைக்கும் முக்கோணத்துக்கு வெளியே எடை சாய்ந்துவிட்டால் வண்டி கவிழும். திருப்பத்தில் வேகம் கூடக்கூட எடை அந்த எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகிறது.

மேற்குச் சென்னையில் இத்தகைய வேலைக்கு வேண்டிய பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த வரிசை கவனிக்கத்தக்கது. முருகப்பா குழுமத்தினர் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கியது. சைக்கிளுக்கு வேண்டிய இரும்புக் குழாய்க்காக 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. சங்கிலிக்கென்று தனி ஆலை 1960இல் அம்பத்தூரில் தோன்றியது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களையும், லூகாஸ் டி.வி.எஸ். வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார் முதலிய மின் உறுப்புகளையும், சுந்தரம் கிளேட்டன் பிரேக் உறுப்புகளையும் செய்தன. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. குழாய், சங்கிலி, சக்கரம், மோட்டார், பிரேக் ஆகிய ஐந்தும் ஏறத்தாழ ஒரே பேருந்துத் தடத்தில் உற்பத்தியாகும் நிலை, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏற்பட்டுவிட்டது.

எனினும் தனி வண்டி கட்டுவோருக்கு ஆலைகளைவிட அதிகம் உதவியது 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையே என்று கருத இடமுண்டு. அங்கு வேரூன்றிய ‘ஜாப் ஒர்க்’ முறையில், பெரிய ஆலை தரும் வரைபடத்தின்படி ஒரு குறிப்பிட்ட உறுப்பைக் கடைந்தோ துளையிட்டோ கொடுப்பது சிறு பட்டறையின் தொழில். அந்தப் பட்டறையில் வேலை கற்ற டர்னரும் ஃபிட்டரும் பின்னர் தத்தம் ஊரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில், சொந்தமாக லேத் போட்டுக்கொண்டனர். ஆயிரம் உறுப்புகளை ஒரே அளவில் கடைந்து பழகிய கைக்கு, யாரோ ஒருவர் கொண்டுவரும் ஒற்றை அச்சைக் கடைந்து தருவது பெரிய வேலையன்று. தொழிற்சாலைக் கழிவும் கழித்துக் கட்டிய வண்டிகளும் போய்ச் சேரும் காயலான் கடைகளும், பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டையும் மீதிப் பொருள்களை அளித்தன.

முதலில் பெருகியது மிதி வண்டி. மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு அரசு 1973இல் ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கியது. ஆள் ஏற்றும் அந்த வண்டியோடு, பின்னால் பலகைத் தளம் கொண்ட பார வண்டியும் நகரெங்கும் ஓடியது. அதன் பின் அச்சைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஏதேனும் ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டே செல்லும். மோட்டார் கார்களில் இதைத் தவிர்ப்பது ‘டிஃபரென்ஷியல்’ எனப்படும், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டி. சைக்கிள் பட்டறையில் அதற்கு வழியில்லை. ஆகவே பல வண்டிகளில் ஒரு சக்கரத்தை மட்டும் அச்சோடு பிணைத்து, மற்றதைப் பேரிங்கில் தனியே சுழலவிட்டனர். சங்கிலியின் விசை ஒரு சக்கரத்துக்கு மட்டுமே செல்லும், மற்றது கூடவே உருளும். வண்டி ஒருபக்கமாக இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மிதிப்பவரின் கைகளுக்கு அது பழகிவிடும். பொறியியல் பாடநூல் இதைக் குறை என்று சொல்லக்கூடும். பட்டறைக் கணக்கில் இது தீர்வு.

அடுத்த கட்டம் சென்னைக்கே உரியது. காசிமேட்டிலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் மீனும் ஐஸும் ஏற்றிச் சென்ற பார வண்டிகளில், கழித்துக் கட்டிய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இன்ஜின்களைப் பொருத்தியபோது பிறந்தது ‘மீன்பாடி வண்டி’. பெயரில் மீன் இருந்தாலும் நாளடைவில் அது கட்டுமானக் கம்பி, பிளைவுட், தண்ணீர் கேன், பீரோ என எதையும் ஏற்றியது. சரக்கு ஆட்டோ நுழையத் தயங்கும் சந்துகளில் நுழைந்தது. இன்ஜினின் விசை சங்கிலி வழியாகப் பின் அச்சுக்குப் போயிற்று, முன்னே சைக்கிளுக்குரிய கைப்பிடி அப்படியே நின்றது. மனிதக் காலின் விசைக்கென அமைந்த சட்டகத்தில் பல மடங்கு விசை புகுத்தப்பட்ட பின்னரும் நிறுத்தும் ஏற்பாடு மட்டும் சைக்கிள் காலத்தைவிட்டு அதிகம் நகரவில்லை என்பதே இந்த வண்டியின் பெருங்குறை. வேகம் கூட்டும் உறுப்பு காயலான் கடையில் முழுதாகக் கிடைக்கிறது, இன்ஜினைத் தூக்கி வைத்து நான்கு இடத்தில் வெல்டு செய்தால் வண்டி ஓடுகிறது. ஆனால் பிரேக் என்பது தனி உறுப்பன்று, அது சக்கரம், அச்சு, டயர், எடைப் பங்கீடு அனைத்தும் சேர்ந்து அமைவது.

டிராஃபிக் ராமசாமி என அறியப்பட்ட பொதுநல வழக்காளர் கே.ஆர்.ராமசாமி, போதிய பிரேக் இன்றிப் புகை கக்கி ஓடிய இவ்வண்டிகளுக்கு எதிராக வழக்காடி 2002ஐ ஒட்டித் தடை பெற்றார். அதன் பொருட்டு அவர் தாக்கப்பட்டுக் கண்ணில் காயமுற்றார். பதிவெண் இல்லாத, காப்பீடு இல்லாத வண்டி மோதினால் இழப்பீடு கேட்க வழியே இல்லை என்பதால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆயினும், ஆட்டோ வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு பிழைப்புக்கு வண்டி கட்டிக்கொண்ட ஒருவருக்கு முறையான மாற்று எதுவும் அப்போது எட்டும் தொலைவில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தடைக்குப் பின்னும் அவை ஓடியதற்கு அதுவே விளக்கம்.

மின்சாரம் இந்த மரபில் தாமதமாகவே நுழைந்தது. காத்மாண்டுவில் டீசல் டெம்போ ஒன்றை 1993இல் மின் வண்டியாக மாற்றிப் பார்த்து, அதிலிருந்து ‘சஃபா டெம்போ’ என்னும் பயணிகள் வண்டியையே உருவாக்கிவிட்டனர். ஆனால் அதன் ஈய அமில பேட்டரிகளின் கனம், சிறு பட்டறையின் சோதனைகளுக்குத் தடையாகவே இருந்தது. 1991இல் சோனி நிறுவனம் வணிகப்படுத்திய லித்தியம் அயன் மின்கலம் மடிக்கணினி வழியாகப் பரவி, விலை குறைந்து, சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவின் கடைகள் வரை வந்த பிறகே ஒரு பலகையின் அடியில் ஒளித்துவைக்கும் அளவுக்கு மின் ஆற்றல் கைக்கு வந்தது. அம்பத்தூரில் சைக்கிளில் தொடங்கிய அதே முருகப்பா குழுமம் 2022இல் ‘மோன்ட்ரா’ என்னும் பெயரில் மின் ஆட்டோவை அறிமுகப்படுத்தியதும் இதே மாற்றத்தின் தொடர்ச்சியே.

மாங்காட்டிலோ அதன் சுற்றூர்களிலோ ஒருவர் மூன்று சக்கர மின் மவுண்டன்போர்டு கட்டத் துணிந்தால், பழைய பட்டறையின் கணக்குகள் வேறு உருவில் திரும்பி வருகின்றன. முன்னிரு சக்கரங்களும் ‘டிரக்’ எனப்படும், நிற்பவர் சாயும் பக்கம் அச்சைத் திருப்பித் தரும் இரும்பு முட்டில் அமைகின்றன. பின்னே ஒற்றைச் சக்கரம், அதன் குடத்துக்குள்ளேயே மோட்டார். விசை ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் செல்வதால் டிஃபரென்ஷியல் வேண்டியதில்லை; பார வண்டிக்காரர் ஒரு சக்கரத்தைத் தளர்த்திவிட்டுக் கண்ட தீர்வுக்கு இது நெருங்கிய உறவு. பேட்டரிக்கு, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு உருளைக் கலங்களை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்து அடுக்குகின்றனர். பன்னிரண்டு கலங்களைத் தொடராக இணைத்தால் சராசரி 43 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 50 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஈயத்தை வைத்துச் சூட்டுக்கோலால் ஒட்டினால் கலம் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடும் என்பதே ஸ்பாட் வெல்டிங்குக்குக் காரணம்.

மீன்பாடி வண்டியின் பழைய குறையும் புது வேடத்தில் நிற்கிறது. இத்தகைய பலகைகள் பலவற்றில் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்கிறது: வேகம் குறைக்கும்போது அது மின்னாக்கியாக மாறி, கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது அது மேலும் மின்சாரத்தை ஏற்காது. பாதுகாப்புச் சுற்று அப்போது இணைப்பைத் துண்டித்துவிட்டால் பிரேக்கே போய்விடும். வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிவிட்டு, காலையில் சரிவின் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம் ஆகிறது. தனியாகக் கையால் இழுக்கும் டிஸ்க் பிரேக் ஒன்றைப் பொருத்திவிட்டால் சிக்கல் தீரும், அதற்கு ஓர் அச்சைக் கடைந்து தர டர்னரிடம்தான் போக வேண்டும்.

காமாட்சி அம்மன் தவமிருந்த தலமாகப் புகழ்பெற்ற மாங்காடு சமவெளி ஊர். மலைப்பலகைக்கு அங்கே மலை இல்லை என்பது வேடிக்கையான உண்மை. கோடையில் வற்றிய ஏரியின் தரையும் கரையும், மனை பிரித்தும் வீடு எழும்பாத மண் சாலைகளுமே அதற்குத் தோதான இடங்கள். சாலைக்கு வந்தாலோ சட்டம் குறுக்கே நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆளும் பலகையும் சேர்ந்து 90 கிலோ எடை என வைத்துக்கொண்டால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 370 வாட் வேண்டும். புல்லும் மண்ணும் தரும் தடையைச் சேர்த்தால் தேவை இன்னும் உயரும். ஆகவே பெயருக்கேற்ற வேலையைச் செய்யும் பலகை எதுவும் விலக்கின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

இதே பொறியியல் வேறு வழியில் சாலையை அடைந்த சான்றும் சென்னையிலேயே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி நியோமோஷன் நிறுவனம் 2021இல் வெளிக்கொணர்ந்த ‘நியோபோல்ட்’, சக்கர நாற்காலியின் முன்புறம் மோட்டார் பூண்ட ஒற்றைச் சக்கரத்தை மாட்டி, அதை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும் மூன்று சக்கர வண்டியாக்குகிறது. சீரற்ற தரையிலும் போகும் வகையில் அது அமைக்கப்பட்டது. அதன் பின்னே ஓர் ஆய்வு மையமும் ஒரு நிறுவனமும் பல ஆண்டுச் சோதனையும் இருந்தன. 250 வாட் விலக்கைப் பெறுவதற்கும்கூட அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பொன்றின் சான்று தேவை. வாகனங்களைச் சோதிக்கும் பெரிய மையம் ஒன்று மாங்காட்டுக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் இயங்குகிறது என்றாலும், சான்று பெறும் நடைமுறை முழுவதும் ஒரே மாதிரியை வரிசையாகச் செய்து விற்கும் உற்பத்தியாளரை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டுள்ளதால், ஒரே ஒரு வண்டியைக் கட்டிவைத்திருப்பவர் அங்கே சென்று பயனில்லை. அவருடைய பலகை ஏரித் தரையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.