தெல்லிப்பழை முதல் மானிப்பாய் வரை: நிர்ப்பீடன அறிவின் தமிழ் வரலாறு

உடல் நோயை எதிர்த்துத் தன்னைக் காக்கும் ஆற்றலை இன்று நிர்ப்பீடனம் என வழங்குகிறோம். இச்சொல் தோன்றுமுன்னரே இதன் பயன் அறியப்பட்டிருந்தது. வைசூரி கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் பற்றுதல் அரிது. 1796இல் ஜென்னர், பசுவின் அம்மைக் கொப்புள நீரை ஏற்றியும் அக்காப்பினைப் பெறலாம் எனக் கண்டார். 1802இல் அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்தது. ஆயின், அம்மாளின் வருகையென வணங்கப்பட்ட நோயை ஊசிமுனை தடுக்கும் என்பதை மக்கள் ஏற்க, அவர்தம் மொழியிலேயே விளக்கம் வேண்டியிருந்தது.

அவ்விளக்கத்திற்கான களம் தெல்லிப்பழையிலே அமையத் தொடங்கியது எனலாம். 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் அங்குத் தங்கிப் பள்ளி நிறுவினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தபோது அதன் முதல் அதிபரும் அவரே. இக்கல்வி மரபு வேரூன்றிய மண்ணிற்கே 1847இல் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். மானிப்பாயில் அவர் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன.

எனினும், குருதி உடலைக் காக்கும் வகை அக்காலத்து மேனாட்டு அறிஞர்க்கும் விளங்கவில்லை. 1882இல் மெசீனாவில் மெச்னிக்கோவ், உடுமீன் குடம்பியுள் செலுத்திய முள்ளைச் சூழ்ந்து கலங்கள் திரளக் கண்டார். 1890இல் பேரிங்கும் கிற்றசாற்றோவும் குருதிநீரில் நஞ்செதிர்ப்புப் பொருள் உண்டெனக் காட்டினர். கிறீன் 1884இலேயே மறைந்துவிட்டார்.

தோலும் சீதமும் முதல் அரண். தின்குழியங்கள் நுழைந்த கிருமிகளை விழுங்குகின்றன. நிணநீர்க் குழியங்களுள் ஒருவகை பிறபொருளெதிரிகளை ஆக்க, மற்றொருவகை தொற்றுண்ட கலங்களை அழிக்கிறது. எஞ்சும் நினைவுக்கலங்கள் அதே பகைவனை மறுமுறை விரைந்து எதிர்க்கின்றன. நோயின் துன்பமின்றி இந்நினைவைத் தருவதே அம்மைப்பால் செய்த பணியாகும். 1980இல் வைசூரி உலகினின்று ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

இவற்றை இன்று தமிழிலேயே எடுத்துரைக்க இயல்கிறது. தெல்லிப்பழை மருத்துவமனையிற் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அந்நோயிலோ பகை, உடலின் சொந்தக் கலத்திலிருந்தே பிறக்கிறது. காவற்கலங்கள் அதனை இனங்காணத் தவறுவதும் உண்டு. இதனை நோயாளிக்கு அவர் மொழியில் உணர்த்துதல் மருத்துவத்தின் ஒரு கூறேயாகும். ஒன்றரை நூற்றாண்டின் முன் கிறீன் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே எமது துணிபு.