பார்டர்லேண்ட்ஸ் 2: கூடிச் சுட்டு, பங்கு பிரித்த ஆட்டம்

பார்டர்லேண்ட்ஸ் 2, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் சாஃப்ட்வேர் உருவாக்கிய வீடியோ கேம். 2கே கேம்ஸ் நிறுவனம் இதை 2012 செப்டம்பர் 18 அன்று வட அமெரிக்காவில் வெளியிட்டது. 2009இல் வந்த பார்டர்லேண்ட்ஸின் இரண்டாம் பாகம் இது. நான்கு பேர் வரை இணையம் வழியாக ஒன்றுசேர்ந்து ஆடலாம். பாண்டோரா என்ற கோளில் கொள்ளையரையும் விலங்குகளையும் எந்திரங்களையும் சுட்டு வீழ்த்த வேண்டும். வீழ்ந்த இடத்தில் சிதறும் துப்பாக்கிகளைப் பொறுக்கி, கையில் இருப்பதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொண்டு, இன்னும் வலிய எதிரியைத் தேடிப் போக வேண்டும். சிதறும் பொருள்களை ஆட்டக்காரர்கள் லூட் என்பார்கள். லூட்டுக்காகச் சுடும் இந்த ஆட்ட வகைக்கு முதல் பாகம் உருவம் கொடுத்தது; அதைத் தொழிலாக நிலைநிறுத்தியது இரண்டாம் பாகம்.

இரண்டு மரபுகள்

இந்த வகை இரண்டு மரபுகள் சேர்ந்து பிறந்தது. ஒன்று, டெக்சாஸில் டல்லஸ் நகரைச் சுற்றி வளர்ந்த ஷூட்டர் மரபு. மெஸ்கீட்டில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் 1993 டிசம்பரில் டூமை வெளியிட்டது. கணினிகளைக் கம்பியால் இணைத்து நான்கு பேர் ஒரே அணியாக ஆட அதில் வழியிருந்தது. பக்கத்து ஊரான கார்லண்டில் 3டி ரெல்ம்ஸ், டியூக் நியூகெம் 3டியை 1996இல் கொண்டுவந்தது. அங்கே வேலை பார்த்த ராண்டி பிட்ச்ஃபோர்டு, நண்பர்களுடன் சேர்ந்து 1999இல் பிளானோவில் கியர்பாக்ஸைத் தொடங்கினார்.

மற்றொன்று டியாப்ளோ மரபு. கலிஃபோர்னியாவின் பிளிஸார்டு நார்த் குழு, 1996 முடிந்து 1997 பிறக்கும் தறுவாயில் டியாப்ளோவை வெளியிட்டது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் புதிதாக அமையும் சுரங்கங்கள், எந்த எதிரியிடம் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாத பொருள்கள், அவற்றின் தரத்தைக் காட்டும் நிறங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். 2000இல் வந்த டியாப்ளோ 2இல் கீழே விழுந்த பொருள் யார் முதலில் கிளிக் செய்கிறாரோ அவருக்கே சொந்தம். சேர்ந்து சண்டை போட்டவர்களே பொருள் விழுந்ததும் முண்டியடித்தார்கள்.

இரண்டையும் ஒட்ட வைக்கும் முயற்சி கியர்பாக்ஸுக்கு முன்பே நடந்தது. பிளிஸார்டு நார்த்திலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ஃபிளாக்ஷிப் ஸ்டூடியோஸ், 2007 அக்டோபரில் ஹெல்கேட்: லண்டனை வெளியிட்டது. ஆட்டம் எடுபடவில்லை, அடுத்த ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது.

முதல் பாகம்

அதுவரை ஹாஃப்-லைஃபின் கூடுதல் பாகங்களும், இரண்டாம் உலகப்போரை வைத்து எடுத்த பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் வரிசையும்தான் கியர்பாக்ஸின் பெயர் சொல்பவை. பார்டர்லேண்ட்ஸ் 2007இல் அறிவிக்கப்பட்டபோது நிஜத்தை ஒத்த, மண் நிறத் தோற்றத்தில்தான் இருந்தது. வேலை பெரும்பாலும் முடிந்திருந்த கட்டத்தில், கறுப்பு மைக்கோடு போட்ட காமிக்ஸ் பாணிக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். 2009 அக்டோபரில் ஆட்டம் வெளியானது. உறுப்புகளை மாற்றி மாற்றிக் கோத்து கணினியே துப்பாக்கிகளை உருவாக்கும் முறை அதில் இருந்தது. அப்படி உருவாகக்கூடிய துப்பாக்கிகள் 1 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் என்று கின்னஸ் பதிவு செய்தது.

குறைகளும் இருந்தன. நிலப்பரப்பில் பெரும்பகுதி ஒரே பாலைவனம். துப்பாக்கிகளின் எண்ணிக்கை பெரிது என்றாலும், பலவற்றைப் பார்வையாலோ கைப்பழக்கத்தாலோ பிரித்தறிய முடியவில்லை. புதையல் இருப்பதாகச் சொல்லப்பட்ட பெட்டகத்தைத் தேடி ஆட்டம் முழுக்க அலைந்தவர்களுக்கு, முடிவில் அதற்குள்ளிருந்து ஒரு பூதம்தான் வெளியே வந்தது. இரண்டாம் பாகம் இந்த மூன்று குறைகளையும் குறிவைத்துத் திட்டமிடப்பட்டது.

துப்பாக்கிக் கம்பெனிகள்

துப்பாக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அவற்றுக்குக் குணம் கொடுப்பதில் பார்டர்லேண்ட்ஸ் 2 கவனம் வைத்தது. ஆட்ட உலகில் எட்டுத் தயாரிப்பாளர்கள் உண்டு. ஜேக்கப்ஸ் துப்பாக்கி, மரப்பிடி வைத்த பழைய கௌபாய் பாணி. விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு வேகமாகச் சுடும். வ்லாடோஃப் சரமாரியாகப் பொழியும். மாலிவான் தீ, மின்சாரம், அமிலம் என ஏதாவதொரு சக்தியோடுதான் வரும். டார்க் குண்டு மெதுவாகப் போய் வெடிக்கும். டால் குறிபார்க்கும்போது சில குண்டுகளை ஒரே மூச்சில் விடும். கொள்ளையர் கையால் செய்த பேண்டிட் துப்பாக்கியில் குண்டுகள் ஏராளம். ஹைபீரியன் மற்றவற்றுக்கு நேர் எதிர். தொடர்ந்து சுடச் சுட அதன் குறி கூர்மையாகும்.

டெடியோர் தனி ரகம். அதில் குண்டு தீர்ந்தால் யாரும் புதுக் குண்டு போடுவதில்லை. ஆட்டக்காரரின் பாத்திரம் துப்பாக்கியையே எதிரி மீது வீசிவிடும்; அது வெடிக்கும்; அடுத்த கணம் கையில் புதுத் துப்பாக்கி உருவாகும். வீசும்போது உள்ளே மிச்சமிருக்கும் குண்டுகளுக்கு ஏற்ப வெடியின் பலம் கூடும். எனவே பாதி குண்டோடு எறிவதா, கடைசிவரை சுடுவதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கும். மலிவுக் கம்பெனி, தூக்கி எறியும் சரக்கு என்ற கேலி ஆட்ட விதியாகவே மாறிய இடம் இது.

எதிரிகளிலும் இதே போக்கு தெரிகிறது. கோலியாத் என்ற பருத்த கொள்ளையனின் தலைக்கவசத்தைச் சுட்டுக் கழற்றினால் அவனுக்கு வெறி பிடிக்கும். தன் கூட்டாளிகளையே அடித்து நொறுக்குவான். ஒவ்வொரு கொலைக்கும் அவன் பலம் ஏறும். கடைசியில் அவனிடம் கிடைக்கும் பொருளும் உயரும். விவரம் தெரிந்த அணி அவனைத் தொடாமல் ஒதுங்கி நின்று, வளரவிட்டு, பிறகு சாய்க்கும்.

பொது லூட்

பொருளின் தரம் வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என நிறத்தால் தெரியும். ஆரஞ்சு அபூர்வம். விழுந்த இடத்தில் அந்த நிறத்தில் ஒளிக்கம்பம் எழுவதால், தூரத்திலிருந்தே அணி முழுவதும் அதைப் பார்த்துவிடும். 2012 மே மாதம் வந்த டியாப்ளோ 3, ஒவ்வொருவருக்கும் தனித்தனி லூட்டைக் காட்டிச் சண்டைக்கு முற்றுப்புள்ளி வைத்திருந்தது. நான்கே மாதம் கழித்து வந்த பார்டர்லேண்ட்ஸ் 2 பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டது: விழுவது ஒன்று, எடுப்பவர் ஒருவர். ஆனால் யார் எடுத்தாலும் பணம் எல்லோருக்கும் சேரும். பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளத் தனித் திரை வந்தது. இதனால் ஸ்னைப்பர் ஆடுபவருக்கு ஸ்னைப்பர், ஷாட்கன் ஆடுபவருக்கு ஷாட்கன் என்று நண்பர்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது அந்த ஏற்பாடு குலைந்து, பறிப்புச் சண்டைகளும் நடந்தன.

கூட்டாக ஆடுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. உயிர் பூஜ்யமானால் பாத்திரம் உடனே சாகாது. தரையில் விழுந்து கிடக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் எதிரி ஒருவரைக் கொன்றாலோ, தோழர் ஓடிவந்து தூக்கிவிட்டாலோ எழுந்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேர்ந்த ஸ்லாக் என்ற ஊதாத் திரவம் எதிரி மேல் பட்டால், பிறகு படும் மற்றவகை அடிகளின் பலம் பெருகும். ஒருவர் ஸ்லாக் அடிக்க மற்றவர் சுட்டுத் தள்ளும் கூட்டுவேலை இதனால் உருவானது. ஆட்டக்காரர் கூடக்கூட எதிரிகளும் வலுப்பெறுவார்கள்.

ஹேண்ட்சம் ஜேக்

கதை முதல் பாகத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நடக்கிறது. ஹைபீரியன் கம்பெனியின் தலைவர் ஹேண்ட்சம் ஜேக், புதையல் வேட்டைக்காரர்களை ரயிலில் வரவழைத்து, அந்த ரயிலையே தகர்க்கிறார். பிழைத்து உறைபனியில் கிடப்பவர்களைக் கண்டெடுப்பது வாயாடி ரோபோ கிளாப்டிராப். ஆக்ஸ்டன், மாயா, சால்வடோர், ஜீரோ ஆகிய நால்வரில் ஒருவரை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம். முதல் பாகத்தின் நாயகர்களான ரோலண்ட், லிலித், மோர்டெகாய், பிரிக் ஆகியோர் இதில் கதைமாந்தராகத் திரும்பி வருகிறார்கள்.

ஆந்தனி பர்ச் தலைமையில் எழுதப்பட்ட வசனங்களில் ஜேக்தான் நடுநாயகம். பெரும்பாலான நேரம் அவர் எதிரில் இருப்பதில்லை. வானொலியில் குறுக்கிட்டு, நையாண்டி செய்து, தன்னையே நாயகன் என்று நம்பிப் பேசிக்கொண்டிருப்பார். குரல் கொடுத்த டேமியன் கிளார்க்குக்கு 2012இன் ஸ்பைக் வீடியோ கேம் விருது கிடைத்தது. அதே விழாவில் சிறந்த ஷூட்டர், சிறந்த மல்டிபிளேயர் விருதுகளையும் ஆட்டம் பெற்றது.

வெளியீட்டுக்குப் பின்

வெளியான பிறகும் ஆட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. 2012 அக்டோபரில் கெய்ஜ் என்ற ஐந்தாம் பாத்திரம் வந்தது. இவளது திறன்களில் ஒன்று, குறி தவறிய குண்டு எதிலாவது பட்டுத் தெறித்து எதிரி மேல் பாய உதவும். சுடுவதில் பழக்கமில்லாதவரும் தேர்ந்த நண்பரோடு சேர்ந்து ஆட அது கைகொடுத்தது. 2013 மேயில் கிரீக் சேர்ந்தான். கடற்கொள்ளையர் கதை, அரங்கச் சண்டைக் கதை, வேட்டைக் கதை என மூன்று கூடுதல் பாகங்களுக்குப் பின், 2013 ஜூனில் டைனி டினா’ஸ் அசால்ட் ஆன் டிராகன் கீப் வந்தது. முதன்மைக் கதையில் கொல்லப்பட்ட ரோலண்டின் சாவை ஏற்க மறுக்கும் சிறுமி டினா, நண்பர்களை உட்காரவைத்துப் பகடை உருட்டி ஒரு மாயக்கதை நடத்துகிறாள். அந்தக் கதையில் ரோலண்ட் உயிரோடு இருக்கிறார். வரிசையிலேயே மிகவும் பாராட்டப்பட்ட பாகம் இது. 2022இல் டைனி டினா’ஸ் ஒண்டர்லேண்ட்ஸ் என்ற தனி ஆட்டம் உருவாகவும் இதுவே வித்திட்டது.

தொடக்கத்தில் 50 ஆக இருந்த லெவல் உச்சவரம்பு 61, 72 என்று ஏறி, 2019இல் 80 ஆனது. ஆட்டத்தில் வரும் சேங்க்சுவரி நகரில் தங்கச் சாவியால் திறக்கும் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. சாவிக்கான குறியீடுகளைக் கியர்பாக்ஸ் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வெளியிட்டது. அதே நகரில், ஆட்டம் வெளிவருமுன் இறந்துபோன ஒரு ரசிகரின் நினைவாக ஒரு பாத்திரம் உலவுகிறது. எதிர்ப்பட்டுப் பேசுபவர்களுக்கு நல்ல பொருள் ஒன்றைச் சும்மா கொடுப்பதே அதன் வேலை. ஆட்டத்தின் விற்பனை, ஆண்டுகள் செல்லச் செல்ல 2 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

வழிவந்தவை

அடுத்த ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் இந்த வகையில் இறங்கின. வார்ஃபிரேம் 2013இலும், பஞ்சியின் டெஸ்டினி 2014இலும், யூபிசாஃப்டின் தி டிவிஷன் 2016இலும் வந்தன. இவை லூட்டை ஆண்டுக்கணக்கில் ஓடும் இணையச் சேவையோடு பிணைத்தன. சர்வர் இல்லாமல் ஆட முடியாது. பார்டர்லேண்ட்ஸ் 2ஐ ஒரே அறையில், திரையை இரண்டாகப் பிரித்து, இணையமே இல்லாமல் இருவர் ஆடி முடிக்கலாம்.

2019 செப்டம்பரில் வந்த பார்டர்லேண்ட்ஸ் 3, இரண்டாம் பாகத்தின் கூட்டாட்டத்தில் இருந்த இரண்டு சிக்கல்களைத் தீர்த்தது. ஒருவருக்கொருவர் லெவல் பெரிதும் வேறுபட்டாலும் சேர்ந்து ஆட வழி செய்தது. தனித்தனி லூட்டா, பழையபடி பொது லூட்டா என்று அணியே முடிவு செய்யவும் விட்டது. 2024இல் 2கேயின் தாய்நிறுவனமான டேக்-டூ, கியர்பாக்ஸை 46 கோடி டாலருக்கு வாங்கியது. வரிசையின் நான்காம் பாகம் 2025 செப்டம்பரில் வெளியானது.