93 சதவீதம் பிறந்த கதை

வேலைக்கான நேர்முகத் தேர்வுப் பயிற்சியோ, ஆளுமை வளர்ச்சி வகுப்போ, எங்கே போனாலும் இந்தக் கணக்கு காதில் விழும். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. நாம் சொல்ல வருவதில் 93 சதவீதம் சொல்லிலேயே இல்லையாம். அப்படியானால் கொரிய சீரியலை சப்டைட்டில் இல்லாமலே பார்த்துவிடலாம். முயன்றவர்களுக்குத் தெரியும், கதாநாயகி அழுகிறாள் என்பது புரியும். எதற்கு என்பது புரியாது.

கணக்கு பிறந்தது 1967இல். போட்டவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரபியன். மனிதப் பேச்சு முழுவதையும் அளக்க அவர் கிளம்பவில்லை. "எனக்கென்ன கோபம்? ஒண்ணுமில்லையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர் சொல்கிறார். கேட்பவர் சொல்லை நம்புவாரா, முகத்தையா? மெஹ்ரபியன் எழுப்பிய கேள்வி இவ்வளவுதான்.

மோர்ட்டன் வீனருடன் செய்த முதல் சோதனையில் ஒன்பதே சொற்கள். 'டியர்', 'தேங்க்ஸ்' போன்ற அன்பானவை மூன்று, 'மேபி' போல எந்தப் பக்கமும் சாயாதவை மூன்று, 'டெரிபிள்' போலக் கசப்பானவை மூன்று. ஒவ்வொன்றையும் பிரியமாகவும், சாதாரணமாகவும், வெறுப்பாகவும் சொல்லிப் பதிவுசெய்தார்கள். சொல்லும் தொனியும் முரண்பட்ட இடத்தில் கேட்டவர்கள் தொனியின் பக்கமே சாய்ந்தார்கள்.

சூசன் ஃபெர்ரிஸுடன் செய்த இரண்டாவது சோதனையில் ஒரே சொல்தான்: 'மேபி'. ஒலிநாடாவில் அதை மூன்று தொனிகளில் ஓடவிட்டு, கூடவே வெவ்வேறு பாவனை காட்டும் முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். முகம் தொனியை ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வென்றது.

முதல் சோதனையில் முகம் இல்லை. இரண்டாவதில் சொல் மாறவே இல்லை. மூன்றையும் சேர்த்து எடைபோட்ட சோதனை என்று ஒன்று நடக்கவில்லை. இரண்டாவது கட்டுரையின் முடிவில் இரு விடைகளையும் காகிதத்தில் இணைத்து, இப்படி இருக்கலாம் என்று முன்வைத்த உத்தேசமே 7-38-55. இன்னொன்றும் உண்டு. இரண்டிலுமே கை, கால், உட்காரும் விதம், நடை எதுவும் கிடையாது. உடல்மொழியின் பங்கு என்று வகுப்பில் சொல்லப்படும் அந்த 55, அசையாத புகைப்பட முகத்துக்குக் கிடைத்த மதிப்பெண்!

1971இல் வந்த மெஹ்ரபியனின் 'சைலண்ட் மெசேஜஸ்' நூல் இந்த எண்களை ஆய்விதழுக்கு வெளியே கொண்டுவந்தது. பிறகு பயிற்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். உத்தேசம் என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்தது. கைகுலுக்கவும் நிமிர்ந்து உட்காரவும் கற்றுத்தருகிறவருக்கு இதைவிட வசதியான எண் கிடைக்குமா?

பேசுபவர் தம் உணர்ச்சியையோ விருப்பு வெறுப்பையோ பற்றிப் பேசும்போது மட்டுமே இந்தச் சமன்பாடு பொருந்தும் என்று மெஹ்ரபியனே பின்னாளில் எழுதிவைத்தார். நேர்முகத் தேர்வில் படிப்பையும் முன் அனுபவத்தையும் பற்றிச் சொல்லும் பதில்கள் அதில் சேராது.