"நேரா நில்லு": முள்ளந்தண்டை நிமிர்த்த முயன்ற கதை

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தோள் பதிஞ்சிருக்கும். "நேரா நில்லு" எண்டு சொல்லாத ஆக்கள் இல்லை. நிற்கிற பழக்கத்தில் பிழையில்லை, அது ஸ்கோலியோசிஸ் எண்டு பிறகுதான் தெரிஞ்சது. முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுகியும் போகும் நிலை. பெரும்பாலானோரில் காரணம் தெரியாது. ஒப்பரேசன் செய்யத்தான் வேணுமா எண்ட கேள்வியோடதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிச்சன்.

பண்டைய கிரேக்கத்தில் நோயாளியை ஏணியில் கட்டி உலுக்கினார்கள். சனத்துக்கு வித்தை காட்டுகிற வைத்தியர்களின் வேலை இது என்று ஹிப்போகிரட்டிசின் பெயரிலுள்ள நூலே குத்திக்காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பரிசில் ஜூல் கெரன் முதுகுத் தசைகளை வெட்டி நிமிர்த்தப் பார்த்தார். பலனைக் கேள்வி கேட்ட மல்கெய்ன் மீது வழக்கும் போட்டுத் தோற்றார்.

நியூயோர்க்கில் ரசல் ஹிப்ஸ், காசநோய் தாக்கிய முள்ளந்தண்டுக்காக 1911இல் செய்த எலும்பிணைப்பை 1914இல் ஸ்கோலியோசிசுக்கும் செய்தார். அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பதுதான் அது. ஒட்டும்வரை மாதக்கணக்கில் பிளாஸ்டருக்குள் கிடக்க வேணும். 1941இல் அமெரிக்க எலும்பியல் சங்கத்தின் குழுவொன்று சிகிச்சை பெற்ற 425 பேரை ஆராய்ந்தது. 69 வீதமானோருக்குப் பலன் சுமார் அல்லது மோசம்.

பிறகு ஹூஸ்ரனில் போல் ஹரிங்டன். போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு, வளைவின் இரு முனையிலும் கொக்கி மாட்டி உருக்குத் தண்டால் தள்ளி நிமிர்த்தினார். தண்டை மட்டும் நம்பியபோது அது முறிந்தது, கழன்றது. எலும்பிணைப்பையும் சேர்த்த பிறகுதான் நின்றது. 1962இல் முடிவுகளை வெளியிட்டார். முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு குறைந்திருந்தது. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால், கீழ்முதுகில் இருக்கவேண்டிய இயல்பான வளைவும் பலருக்குத் தட்டையாகிப் போயிருந்தது. அவர்களில் சிலர் வயது போகப் போக நோவோடு முன்சாய்ந்து நடந்தார்கள்.

மெக்சிக்கோவின் வெக்கையில் பிளாஸ்டர் சரிவராது. 1970களில் எடுவார்டோ லூக்கே ஒவ்வொரு முள்ளெலும்பையும் மெல்லிய கம்பியால் இரண்டு தண்டுகளோடு கட்டினார். பிளாஸ்டர் தேவைப்படவில்லை. ஆனால் கம்பி முண்ணாணுக்குப் பக்கத்தால் போனது, அதில் நரம்புக்கு ஆபத்து. முள்ளந்தண்டு சத்திரசிகிச்சையில் நரம்பு பாதிக்கப்படலாம் என்ற பயத்தால் 1973இல் பிரான்சிலிருந்து ஒரு சோதனை வந்தது: சத்திரசிகிச்சை நடுவில் நோயாளியை எழுப்பி, காலை அசைக்கச் சொல்வது! இப்ப பெரும்பாலும் நரம்பின் மின்சமிக்ஞையைக் கருவி கண்காணிக்கிறது.

1980களில் கொத்ரெல், டூபூசே இருவரும் முறுக்கையும் பக்கத்தோற்றத்தையும் சேர்த்துத் திருத்த முயன்றார்கள். இன்று கொக்கிகளின் இடத்தில் பெரும்பாலும் திருகாணிகள். 2019இல் அமெரிக்கா அனுமதித்த முறையில் எலும்பை ஒட்டுவதே இல்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு நாணைப் பூட்டி, மிச்சத்தைப் பிள்ளையின் வளர்ச்சியிடம் விடுகிறார்கள். நாண் அறுவதும் உண்டு.

பொதுவாக 45, 50 பாகையைத் தாண்டினால்தான் சத்திரசிகிச்சை பற்றிக் கதைப்பார்கள். எனக்கு 34. வளர்ச்சியும் முடிஞ்சுது, இப்போதைக்குத் தேவையில்லை எண்டு சொல்லியிருக்கினம். ஒருநாள் தேவைப்பட்டால், எத்தனை பாகை குறையும் எண்டு மட்டும் கேட்க மாட்டன். எத்தனை முள்ளெலும்பைப் பூட்டுவீங்கள், பிறகு நான் குனிய ஏலுமா எண்டும் கேட்பன்.